நஞ்சை விழுங்கவும் வேண்டாம், உமிழவும் வேண்டாம்

சிவமயம்



எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவடிகளை வணங்கி இச்சிற்றுரையைத் தொடங்குகின்றேன். கடந்த பிரதோஷ பூசையின் பின் அடியேன் பேசியவற்றை எழுத்தில் தரும்படி சபையார் கேட்டுக்கொண்டனர். அடியேன் சமயப் பேரறிஞன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைக்கின்றவன். அகதியாக வந்து இலண்டன் மாநகரில் குடும்பம் நடத்துகின்றவன். ஆகவே எல்லோரும் அறிந்த புராணக் கதை ஒன்றையும், என் வீட்டில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்வதற்கு மட்டுமே எனக்குத் தகுதி உண்டு.

பிரதோஷ வேளையின் சிறப்பை நாம் அறிவோம். தேவரும் அசுரரும் மந்தர மலையை மத்தாக நாட்டி, வாசுகி என்னும் பாம்பைக் கயிறாகக் கொண்டு பாற்கடலைக் கடைந்தனர். அமுதத்தை எதிர்பார்த்தவர்களுக்கு முன்னே ஆலகால நஞ்சு எழுந்தது. எல்லோரும் திசைக்கொருவராக ஓடினர். இறைவன் ஒருவனே அதனைக் கையில் ஏந்தினான். விழுங்கினால் தன்னுள்ளே அடங்கிய உலகங்களுக்குக் கேடு. உமிழ்ந்தால் வெளியே நிற்கும் உயிர்களுக்குக் கேடு. அவன் விழுங்கவும் இல்லை, உமிழவும் இல்லை. கண்டத்திலே நிறுத்தினான். நீலகண்டன் ஆனான்.

இந்த நீலகண்டத்துக்கும் நோய்க்கும் நம் சமயத்தில் ஒரு தொடர்பு உண்டு. திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டிலே கொடிமாடச்செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது அடியார்கள் பலருக்குக் குளிர்சுரம் கண்டது. அப்போது அவர் பாடியருளியதே திருநீலகண்டத் திருப்பதிகம். அதன் பாட்டுக்கள் திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு முடிகின்றன. சோலை வைத்தலும் குளம் தோண்டுதலும் ஆகிய அறச்செயல்களும் அப்பதிகத்திலே பேசப்படுகின்றன. இறைவனை நம்புவதும், கையால் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையே இது காட்டுவதாக அடியேன் எண்ணுகின்றேன். ஆகவே பதிகம் ஓதினால் வைத்தியரும் தடுப்பூசியும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நோயைப் பற்றி அல்ல, நோயின் நிழலாக வந்த அச்சத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு மார்ச் மாதம் 11ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று கூறியது. 18ஆம் திகதி, கோடைகாலப் பரீட்சைகள் நடைபெறா என்ற அறிவித்தல் வந்தது. 20ஆம் திகதியுடன் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாடசாலை மூடப்பட்டது. 23ஆம் திகதி இரவு, வீட்டிலேயே இருங்கள் என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார். கோயிற் கதவுகளும் சாத்தப்பட்டன. மூலஸ்தானத்து விளக்கைக்கூட நாம் கைத்தொலைபேசியிலேதான் தரிசித்தோம்.

என் மூத்த மகளுக்கு அப்போது பதினாறு வயது. ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்கு இரண்டு வருடம் படித்த பிள்ளைக்குத் திடீரென்று பரீட்சையும் இல்லை, தோழிகளும் இல்லை, காலையில் எழும்ப ஒரு காரணமும் இல்லை. கையில் மிஞ்சியது தொலைபேசி ஒன்றே. என் மனைவி முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்பவர். ஊரெல்லாம் வீட்டில் இருந்தபோது அவர் நாள்தோறும் வேலைக்குப் போய் வந்தார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அதிகாலை இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழும்பினேன். மனைவி தனியே படுத்திருந்த அறையின் வாசலில், இருட்டுக்குள் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, நித்திரை வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மா மூச்சு விடுறாவோ எண்டு பாக்கிறன் அப்பா," என்றாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். இரண்டு கிழமையாக என்றாள். சமையலறையில் இருவரும் இருந்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்து ஒரு குரற்பதிவைப் போட்டுக் காட்டினாள். தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் பேசுகின்றார். வைத்தியசாலைகளில் இடம் முடிந்துவிட்டது, எங்கள் நிறத்தவரையும் பராமரிப்பு வேலை செய்பவரையும் கொண்டுபோனால் சுவாசக் கருவி கொடுக்கமாட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிடுவார்கள் என்பது அதன் சாரம். பெயர் இல்லை, எந்த வைத்தியசாலை என்று இல்லை, திகதி இல்லை.

"இதை ஆர் உனக்கு அனுப்பினது?" என்று கோபத்துடன் கேட்டேன்.

"நீங்கள்தான் அப்பா. எங்கட குடும்ப வட்சப் குழுவில போட்டனீங்கள். நீங்கள் போட்டபடியால் உண்மை எண்டு நினைச்சன்."

அடியார்களே, அந்த இரவை நான் மறக்கமாட்டேன். ஐந்து பவுண் செலவுக்குக்கூடப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் கணக்கில் ஏற்க மறுப்பவன் நான். வாடிக்கையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் "சீட்டைக் காட்டுங்கள்" என்பேன். அந்தக் குரற்பதிவுக்கு நான் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை. ஒருவர் எனக்கு அனுப்பினார், நெஞ்சு திடுக்கிட்டது, அந்தத் திடுக்கத்தைத் தனியே சுமக்க முடியாமல் "எல்லோரும் கவனம்" என்று எழுதி, முப்பது பேருக்கு இறக்கி வைத்தேன். அந்த முப்பது பேரில் என் பிள்ளையும் ஒருத்தி என்பதை நினைக்கவில்லை. நஞ்சு வந்தது. நான் அதை விழுங்கவும் செய்தேன், உமிழவும் செய்தேன்.

இது என் வீட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. அந்த ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதியே, நோயோடு மட்டுமன்றித் தகவற் பெருந்தொற்றோடும் போராடுகின்றோம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவர் கூறிவிட்டார். உள்ளி தின்றால் வராது, சுடுதண்ணீரில் குளித்தால் போய்விடும் என்ற செய்திகளை அந்த ஸ்தாபனம் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசி அலையால் நோய் பரவுகின்றது என்ற வதந்தியை நம்பி, ஏப்ரல் மாதத்தில் இந்த நாட்டிலேயே தொலைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று அதே மாதம் வட்சப் நிறுவனம் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளின் அச்சத்துக்கும் இதற்கும் உண்மையிலே தொடர்பு உண்டா என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும், வூகான் உட்படச் சீனாவின் பல இடங்களில் 4,872 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சமூக ஊடகங்களில் நோய்ச் செய்தியை அடிக்கடி பார்த்தவர்களிடம், குறைவாகப் பார்த்தவர்களிடம் இருந்ததைவிடப் பதகளிப்பு அதிகமாகக் காணப்பட்டது. அவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். பார்த்ததால் பயந்தார்களா, பயந்ததால் பார்த்தார்களா என்பதை அத்தகைய ஆய்வு ஒன்றினால் மட்டும் பிரித்தறிய முடியாது. என் மகளைக் கேட்டால் இரண்டும்தான் என்பாள். பயம் வந்ததும் தொலைபேசியை எடுத்தாள். எடுத்ததும் பயம் கூடியது. நாம் எதில் அதிக நேரம் நின்று பார்க்கின்றோமோ அதைப் போன்றதையே மேலும் மேலும் காட்டும்படி அந்தச் செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சவப்பெட்டியின் படத்தில் பிள்ளையின் கண் நின்றால், அடுத்தது பத்துச் சவப்பெட்டி. அது பிள்ளையின் பலவீனம் அன்று, பொறியின் அமைப்பு.

இன்னோர் ஆய்வு என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த வாரங்களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் விசாரித்தார்கள். குண்டு வெடித்த கிழமையில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்திகளையே பார்த்திருந்தவர்களின் மன அழுத்தம், குண்டு வெடித்த இடத்தில் நேரே நின்றவர்களின் அழுத்தத்தைவிடவும் கூடுதலாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து நாம் எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்கும் பதினாறு வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இந்தச் சபையிலும் பலர் இருக்கின்றீர்கள். அதற்கு முந்திய வருடங்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். இரவில் பி.பி.சி. தமிழோசை வரும்போது அண்ணன் சுற்றுவார், அவர் களைத்தால் நான் சுற்றுவேன். பெரியவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். செய்தி முடியும், சைக்கிள் நிற்கும், வானொலியும் நிற்கும். அப்பு ஒரு வார்த்தை சொல்லுவார், ஆச்சி திருநீறு பூசிவிடுவார், படுப்போம்.

நமக்குப் பயம் இல்லாமல் இருக்கவில்லை. குண்டு விழும் ஊரில் பயம் இல்லாதவன் யார்? வதந்தியும் அந்த நாளிலே தாராளமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஓய்வு நேரம் இருந்தது. செய்தியைக் கேட்க ஒருவன் பெடல் சுற்ற வேண்டியிருந்தது. கேட்கும்போது பக்கத்தில் அப்புவும் ஆச்சியும் இருந்தார்கள். என் மகளுக்கு இவை மூன்றும் இல்லை. செய்தி நிற்கவில்லை, அதற்கு முயற்சி தேவைப்படவில்லை, போர்வைக்குள் அவள் தனியே அதைக் கேட்டாள். நான் அடுத்த அறையில் இருந்துகொண்டே அவளுக்கு அதை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்பினால்தானே அனுப்பினோம் என்று நாம் சமாதானம் சொல்லுவோம். அன்பிலிருந்தும் அச்சம் பிறக்கும் என்பது உண்மையே. திருமறைக்காட்டில் சம்பந்தப் பெருமான் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நல்லதாக இல்லை என்று கலங்கியவர் யார்? சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் இருந்தும் கலங்காத அப்பர் பெருமான். தனக்காக அஞ்சாதவர், அன்பு வைத்த பிள்ளைக்காக அஞ்சினார். ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். தன் கலக்கத்தை, அதற்கு உரியவரிடமே நேரில் சொன்னார். சொல்லிவிட்டு, மறுமொழியைக் கேட்டார். அதற்கு மறுமொழியாகப் பிறந்ததுதான் கோளறு பதிகம். அன்பின் அச்சம் முகத்தோடு முகம் பேசப்பட்டால் அதிலிருந்து பதிகம் பிறக்கும். முகம் தெரியாத குரலாக முப்பது பேருக்குப் போனால் அதிலிருந்து நித்திரையில்லாத பிள்ளை பிறக்கும்.

அன்று விடிந்ததும் நான் இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, அதே குடும்பக் குழுவில், "நான் போட்ட குரற்பதிவுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. விசாரியாமல் போட்டது என் பிழை. தயவுசெய்து மேலும் அனுப்ப வேண்டாம்" என்று எழுதினேன். எழுத வெட்கமாகத்தான் இருந்தது. ஒருவர் சிரிப்புப் படம் போட்டார். வேறொருவர், "எங்கட பிள்ளையும் அதைக் கேட்டிட்டு அழுதவள்" என்று எழுதினார். இரண்டாவது, மனைவி வேலையால் வந்ததும் மகளை எதிரே இருத்தி, வேலைத்தலத்தில் என்ன நடக்கின்றது என்பதை அவரையே சொல்லச் செய்தேன். எத்தனை பேருக்கு வருத்தம், முகக்கவசம் எப்போது மாற்றுவது, எந்த அறைக்குள் எப்படிப் போவது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அங்கே சில முதியவர்கள் இறந்திருந்தார்கள், அதையும் சொன்னார். மகள் அழுதாள். ஆனால் அன்று இரவு வாசலில் நிற்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது இனிப்பான பொய் அன்று. தெரிந்த ஒருவர் வாயிலிருந்து வரும் உண்மை.

2021ஆம் ஆண்டு ஜனவரியில் மனைவிக்கு உண்மையாகவே கொரோனா வந்தது. பத்து நாள் தனியறை. அப்போது வாசலில் சாப்பாட்டை வைத்தவள் மகள். காய்ச்சலையும் விரலில் பொருத்தும் கருவி காட்டிய ஒட்சிசன் அளவையும் அம்மாவிடம் கேட்டுக் கொப்பியில் நேரப்படி எழுதியவளும் அவளே. ஒரு நாள் அளவு குறைந்தபோது பதறாமல் 111 இலக்கத்துக்கு அழைத்தவளும் அவளே. இறைவன் அருளால் மனைவி குணமானார். நம் சபையில் அப்படிக் குணமாகாமல் உறவை இழந்த வீடுகள் உண்டு. அவர்களிடம் போய் அச்சம் வீண் என்று சொல்ல எனக்கு நா எழாது. அஞ்ச வேண்டியதற்கு அளவோடு அஞ்சுவது அறிவு. அந்த அச்சம் கை கழுவ வைக்கும், தடுப்பூசிக்கு வரிசையில் நிற்க வைக்கும். அளவில்லாத அச்சமோ பிள்ளையை இரவில் வாசலில் நிற்க வைக்கும், வேறொன்றும் செய்யவிடாது.

தொலைபேசியைப் பிள்ளையிடமிருந்து பறிப்பதுதான் வழி என்றும் நான் சொல்லவில்லை. வகுப்பு நடந்தது அதிலே. தோழியின் முகம் தெரிந்தது அதிலே. ஊரில் இறந்த அம்மம்மாவின் இறுதிக் கிரியையைப் பார்த்ததும் அதிலே. கடலைக் கடைந்தால் அமுதமும் நஞ்சும் வரத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் அன்று முதல் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கின்றேன். விரும்பினால் நீங்களும் கைக்கொள்ளலாம். பயங்கரமான செய்திகளை நாளில் ஒரு முறை, இரவுச் சாப்பாட்டுக்கு முன், அரை மணி நேரம், எல்லோரும் ஒன்றாக இருந்து பார்ப்போம். டைனமோ வானொலி எனக்குக் கற்றுத் தந்தது அது. இரவில் எல்லோருடைய தொலைபேசிகளும், என்னுடையது உட்பட, சுவாமி அறைக்கு வெளியே உள்ள மேசையில் இருக்கும். எவரேனும் ஒரு செய்தி அனுப்பினால் மூன்று பற்றுச்சீட்டுக் கேட்போம்: சொன்னவர் யார், சொன்ன நாள் எது, வேறு எங்கே அது உறுதியாகியுள்ளது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது எங்கள் வீட்டோடு நின்றுவிடும். இரட்டை அம்புக்குறியோடு வரும் வட்சப் செய்தி பலமுறை கைமாறியது. அதைக் கண்டால் கூடுதல் கவனம். கடைசியாக, "போனை வை" என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன், "இண்டைக்கு அதில என்ன பாத்தனி?" என்று கேட்போம்.

அந்த நோய்க்கான உலக அவசரநிலை முடிந்துவிட்டதாக 2023ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி அறிவித்துவிட்டார்கள். என் மகளும் வளர்ந்துவிட்டாள். இந்தக் கதையை எழுத அவளிடம் அனுமதி கேட்டே எழுதுகின்றேன். "அப்பா, உங்கட பிழையையும் மறைக்காமல் எழுதுங்கோ" என்பதே அவள் வைத்த நிபந்தனை. நோய் போனாலும் தொலைபேசி நம் கையிலேதான் இருக்கின்றது. நாளை வேறொரு நோய் வரலாம், போர்ச் செய்தி வரலாம், ஊரிலிருந்து ஒரு வதந்தி வரலாம்.

அப்படி ஒன்று வந்து நெஞ்சு திடுக்கிடும் நேரத்தில், விரல் அந்த அம்புக்குறியை அமர்த்துவதற்கு முன், ஒரு முறை "திருநீலகண்டம்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லி முடிக்கும் நேரமாவது நஞ்சு கண்டத்தில் நிற்கும். அந்த நேரத்துக்குள், இதைப் பார்க்கப்போகும் பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். நம் நடராசப் பெருமானின் வலக்கரங்களில் ஒன்று அஞ்சேல் என்று காட்டி நிற்கின்றது. அந்தக் கரத்தை வணங்கும் பெற்றோராகிய நாம், நம் பிள்ளைகளுக்கு அஞ்சேல் என்று சொல்பவர்களாக இருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.